நூலகத் தந்தை அரங்கநாதனார்

கொங்கு நாட்டிலுள்ள பழைய ஊர்களுள் விசயமங்கலம் என்பது ஒன்று. கொங்குவேளிர் என்னும் புலவர் பெருமான் வாழ்ந்த ஊர் அதுவே. அவர் உதயணன் என்னும் மன்னனுடைய வரலாற்றை ஒரு பெரிய காப்பியமாகப் பாடினார். அதற்குப் பெருங்கதை என்பது பெயர். கொங்குவேள் மாக்கதை என்றும், உதயணன் கதை என்றும் அதனை வழங்குவர். முதலும் முடிவும் சிதைந்து ஏட்டுச்சுவடியில் கிடந்த அக்காப்பியத்தை, டாக்டர் உ. வே. சாமிநாதையர் அரிதின் முயன்று ஆராய்ந்து, 1924ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். அதன் பின்னரும் அந்நூல் மீண்டும் அச்சேறியுள்ளது.

ஒருவர் நூலகம் ஒன்றிற்குச் சென்று, உதயணன் கதை வேண்டும் என்று கேட்பதாகக் கொள்வோம். அந்நூலகத்தின் பட்டியலில் அந்நூல் பெருங்கதை என்ற பெயரால் மட்டும் எழுதப்பட்டிருக்குமாயின், அத்தகைய நூல் இல்லை என்னும் விடையே அவருக்குக் கிடைக்கும். அவர் வாடிய முகத்துடன் திரும்புவார். நூலோ அவர் நின்ற இடத்திற்குப் பத்தடித் தொலைவில் அலமாரியில் இருக்கும். பாடிய புலவர் உழைப்பும், ஏட்டைக் காத்தவர் உழைப்பும், அச்சிட்ட அறிஞர் உழைப்பும் பட்டியல் எழுதியவருடைய ஒரு சிறு குறையால் அவருக்குப் பயன்படாமற் போகும்.

இக்குறையைப் போக்குவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். நூல்களை எவ்வாறு வகைப்படுத்த வேண்டும், எவ்வாறு பட்டியலில் எழுத வேண்டும், ஒரே நூலின் பல பதிப்புகளை எவ்வாறு இணைத்தும் பிரித்தும் காட்ட வேண்டும் என்பவற்றை உலகம் ஏற்கும் வகையில் அவர் ஆராய்ந்து கூறினார். நூலகத் தந்தை என்று போற்றப்படும் எஸ். ஆர். அரங்கநாதனாரே அவர்.

பிறப்பும் கல்வியும்

அரங்கநாதனார் தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்த சீகாழியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிறந்தார். தந்தையார் இராமாமிர்த ஐயர். தாயார் சீதாலட்சுமி அம்மையார். இவருக்கு ஆறு வயது நிரம்பிய அளவில் தந்தையார் காலமானார். சீகாழி உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பின்னர், இவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்தில் இவருக்கு இருந்த ஆர்வம் பெரிது. அங்கே கணிதப் பேராசிரியராக விளங்கிய எட்வர்டு ராஸ் என்பவர் இவருடைய திறமையை அறிந்து ஊக்கினார். 1913இல் பி. ஏ. பட்டமும், 1916இல் எம். ஏ. பட்டமும் பெற்ற அரங்கநாதனார், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் பயின்று ஆசிரியப் பணிக்குத் தம்மைத் தகுதியாக்கிக் கொண்டார்.

இளமையில் இவருக்குத் திக்கிப் பேசும் குறை இருந்தது. பேச்சையே கருவியாகக் கொண்ட ஆசிரியத் தொழிலுக்கு அது பெருந்தடை. ஆயினும் இவர் மனந்தளரவில்லை. இடைவிடாத முயற்சியால் சிறிது சிறிதாக அக்குறையை வென்றார்.

கோவையில் ஆசிரியப் பணி

1917ஆம் ஆண்டில் அரங்கநாதனார் மங்களூர் அரசினர் கல்லூரியில் கணித ஆசிரியரானார். 1920இல் கோயம்புத்தூர் அரசினர் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். அடுத்த ஆண்டிலேயே சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். எனவே, கொங்கு நாட்டில் இவர் பணியாற்றிய காலம் குறுகியதேயாகும். எனினும் அக்காலம் கொங்கு நாட்டில் அறிவு வேட்கை அரும்பிய காலம். ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்தில் ஒரு வாசகசாலை நடைபெற்று வந்தது. 1921ஆம் ஆண்டில் மகாகவி பாரதியார் அங்கே சென்று சொற்பொழிவு ஆற்றினார். ஊர்மக்கள் தாமே கூடி வாசகசாலை அமைத்து, நூல்களைத் தேடிச் சேர்த்த நாட்கள் அவை. சேர்த்த நூல்களை ஒழுங்குற வைத்துக் காப்பதற்கு ஏற்ற முறைதான் நம் நாட்டில் இன்னும் தோன்றவில்லை.

அதனைத் தோற்றுவிக்கப் போகின்றவர் தாமே என்பதை அரங்கநாதனார் அப்போது கனவிலும் கருதியிருக்கமாட்டார். அவர் உள்ளம் முழுவதும் கணிதத்திலேயே ஈடுபட்டிருந்தது.

கணிதத்தினின்றும் நூலகத்திற்கு

சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்திற்கு முதல் நூலகரைத் தேடியது. ஆசிரியப் பணியினும் மிகுந்த ஊதியம் உடையது அப்பதவி. நண்பர்கள் தூண்டவே அரங்கநாதனாரும் விண்ணப்பித்தார். 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அப்பதவி அவருக்குக் கிடைத்தது. ஆனால் சில நாட்களிலேயே அவருக்கு அதில் வெறுப்புத் தட்டியது. மாணவர் கூட்டத்தின் நடுவே மகிழ்ந்திருந்தவருக்கு, ஆளரவமற்ற அந்நூலகம் சிறைபோல் தோன்றியது. மீண்டும் கல்லூரிக்கே செல்ல விரும்பினார். இலண்டன் மாநகர் சென்று நூலகக் கலையைப் பயின்று திரும்பிய பின்னரும் மனம் மாறாவிடில், பழைய பணிக்கே போகலாம் என்று பெரியோர் அவரை அமைதிப்படுத்தி அனுப்பினர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்சு என்னும் அறிஞரிடம் அரங்கநாதனார் பயின்றார். சேயர்சு குராய்டன் நகரத்து நூலகத்தின் தலைவராகவும் இருந்தார். அரங்கநாதனார் அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே சிறுவரும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் ஒருங்கே வந்து நூல் பெற்றுச் சென்றனர். நூலகம் என்பது நூல்களைப் பூட்டி வைக்கும் அறை அன்று; மக்கள் அனைவருக்கும் அறிவை வழங்கும் அறச்சாலை என்பதை அவர் கண்டார். 1925இல் தாயகம் திரும்பிய பொழுது, கல்லூரிக்குத் திரும்பும் எண்ணம் அவரைவிட்டு அகன்றிருந்தது.

முக்காற்புள்ளி முறை

இலண்டன் கடை ஒன்றில் சிறுவர் விளையாட்டுப் பொருள் ஒன்றை அவர் கண்டார். துளையுள்ள சில தகடுகளும், கம்பிகளும், திருகாணிகளும் ஒரு பெட்டியில் இருந்தன. அவற்றை ஒருவகையாக இணைத்தால் பாலம் ஆகும். மற்றொரு வகையாக இணைத்தால் வண்டி ஆகும். உறுப்புகள் சில, அவற்றால் ஆகும் உருவங்களோ மிகப் பல. நூல்களின் பொருளையும் இவ்வாறே சில அடிப்படை உறுப்புகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்து எண் அமைத்தால் என்ன என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. அதன் பயனாகத் தோன்றியதே 1933இல் வெளிவந்த அவருடைய பகுப்பு முறை. உறுப்புகளை இணைப்பதற்கு முக்காற்புள்ளியைக் கையாண்டமையால், அப்புள்ளியின் ஆங்கிலப் பெயரால் அது கோலன் பகுப்பு முறை எனப்பட்டது.

இம்முறையில் இலக்கிய நூலுக்கு எண் அமையும் வகை மிக எளியது. முதலில் இலக்கியம் என்பதைக் குறிக்கும் எழுத்து. அடுத்து மொழியின் எண். அதனை அடுத்துச் செய்யுள், நாடகம், புனைகதை முதலிய வடிவின் எண். பின்னர் ஆசிரியர் பிறந்த ஆண்டின் குறி. இறுதியில் அவர் இயற்றிய நூல்களுள் இஃது எது என்பதன் எண். பாரதியாரின் கவிதைக்கு எண் அமைப்பவர், இலக்கியம், தமிழ், செய்யுள், 1882 என்னும் வரிசையில் குறிகளை எழுதுவார். நூலின் முகப்பில் பாரதி என்று இருப்பினும், பாரதியார் என்று இருப்பினும், சி. சுப்பிரமணிய பாரதி என்று இருப்பினும் எண் மாறாது. ஒரு கவிஞருடைய நூல்கள் பெயர் வேற்றுமையால் நான்கு திசையிலும் சிதறாமல் ஓரிடத்தே வந்து சேரும்.

ஒரு நூலும் பல பதிப்புகளும்

ஒரு புலவர் இயற்றிய நூல் ஒன்றே ஆயினும், அச்சிடப்படும் வடிவங்கள் பலவாகின்றன. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை அரசு பெற்று, பின்னர் அவற்றை நாட்டு மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் பதிப்பகத்தார் பலர் அப்பாடல்களை வெவ்வேறு அளவிலும் அமைப்பிலும் அச்சிட்டனர். இவையனைத்தும் ஒரே நூலா, பல நூல்களா என்னும் வினாவை நூலகர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

இதற்கு விடை காண அரங்கநாதனார் ஓர் அழகிய உவமையைக் கையாண்டார். நூலுக்கு மூன்று கூறுகள் உண்டு என்றார். அதனுள் அடங்கிய கருத்து உயிர் போன்றது. அக்கருத்தைப் புலப்படுத்தும் சொல்லமைப்பு நுண்ணுடல் போன்றது. தாளும் மையும் கட்டும் சேர்ந்த உருவம் பருவுடல் போன்றது. உயிர் ஒன்றாக இருக்க, உடல்கள் பலவாகலாம். நூலகர் உயிரின் ஒருமையையும் மறக்கலாகாது. உடல்களின் வேற்றுமையையும் மறைக்கலாகாது.

ஆகவே அவர், நூலின் பொருளைக் காட்டும் வகுப்பெண்ணோடு நூலெண் என்ற மற்றோர் எண்ணையும் சேர்த்தார். ஒரு படைப்பின் எல்லாப் பதிப்புகளுக்கும் வகுப்பெண் ஒன்றே. நூலெண்ணோ வெளியான ஆண்டைக் காட்டிப் பதிப்புகளைப் பிரிக்கும். நூல் பல பகுதிகளாக இருப்பின், ஒரு புள்ளி இட்டுப் பகுதியின் எண்ணையும் எழுதுவர். ஒரே நூலில் பல படிகள் இருப்பின், அரைப்புள்ளி இட்டுப் படியின் எண்ணை எழுதுவர்.

இதன் பயனைச் சீவகசிந்தாமணியைக் கொண்டு அறியலாம். சாமிநாதையர் அதனை 1887இல் முதன்முதலாகப் பதிப்பித்தார். பின்னும் ஏடுகளைத் தேடி ஒப்பு நோக்கித் திருத்தி, 1907இல் இரண்டாம் பதிப்பையும், 1922இல் மூன்றாம் பதிப்பையும் வெளியிட்டார். திருந்திய பாடத்தைக் கற்க விரும்புகின்ற மாணவனுக்குப் பிந்திய பதிப்பே ஏற்றது. அப்பாடம் எவ்வாறு படிப்படியாகத் திருந்தியது என்று ஆராய்கின்றவருக்கோ 1887ஆம் ஆண்டுப் பதிப்பு இன்றியமையாதது. பட்டியலில் சீவகசிந்தாமணி என்று மட்டும் எழுதி வைத்தால் இருவரும் இடர்ப்படுவர். ஆண்டும் பதிப்பும் தெளிவாக இருப்பின், மூன்றும் அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும்; அவரவர் தமக்கு வேண்டியதனை எடுத்துக்கொள்வர்.

வேறு நூலாகவே கொள்ள வேண்டியவையும் உண்டு. சேக்கிழார் பாடிய திருத்தொண்டர் புராணத்தைப் பெரியபுராணம் என்றும் வழங்குவர். கோவையில் வழக்கறிஞராக விளங்கிய சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் அதற்கு விரிவான உரை எழுதி ஏழு பகுதிகளாக வெளியிட்டார். அவ்வேழு பகுதிகளும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை அல்ல. எனினும் அவை ஒரு நூலின் உறுப்புகளே. ஆதலின் பகுதி எண்ணால் அவற்றைத் தொடர்ந்து நிற்கச் செய்தல் வேண்டும். ஆறுமுக நாவலரோ அப்புராணத்தை 1852இல் உரைநடையாக எழுதி வெளியிட்டார். அது சேக்கிழார் செய்யுளின் மற்றொரு பதிப்பு அன்று, நாவலருடைய நூல். அதனைச் செய்யுட் பதிப்புகளோடு கலக்காமல் தனியே எழுதி, ஒன்றைத் தேடுவோர் மற்றொன்றையும் அறியுமாறு குறிப்புக் காட்டுதலே முறை.

தமிழ் நூல்களில் மற்றுமொரு சிக்கல் உண்டு. எழுத்தும் மாறாமல் மீண்டும் அச்சிட்ட நூலையும், புதிதாகத் திருத்திய நூலையும் பதிப்பு என்ற ஒரே சொல்லாலேயே பதிப்பகத்தார் பலர் குறிக்கின்றனர். பத்தாம் பதிப்பு என்று முகப்பில் இருந்தாலும், உள்ளே முதற் பதிப்பிற்கும் அதற்கும் வேற்றுமை இல்லாதிருக்கலாம். ஆகவே விழிப்புள்ள நூலகர் முகப்பை மட்டும் நம்பமாட்டார். முகவுரையைப் படிப்பார், பக்கங்களை எண்ணுவார், இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார். வேற்றுமை இல்லாத மறு அச்சை முன்னதன் மற்றொரு படியாகவே கொள்வார்.

பட்டியல் விதிகள்

1934ஆம் ஆண்டில் அரங்கநாதனார் பட்டியல் எழுதும் விதிகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். ஐந்து அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் உள்ள அட்டையில் எவற்றை, எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று அது வரையறுத்தது. நூலின் எண், ஆசிரியர் பெயர், நூலின் பெயர், முதற் பதிப்பு அல்லாதவிடத்துப் பதிப்பின் எண், உரையாசிரியர் அல்லது பதிப்பாசிரியர் பெயர் ஆகியவை முறையே அமைய வேண்டும். நூலின் பெயர் பின்னர் மாறியிருப்பின், அம்மாற்றத்தையும் குறிக்க வேண்டும். புனைபெயரைக் கொண்டு தேடுவோரை இயற்பெயருக்கும், மற்றொரு பெயரைக் கொண்டு தேடுவோரை உரிய பெயருக்கும் வழிகாட்டத் தனி அட்டைகள் எழுத வேண்டும். உதயணன் கதை என்று தேடுபவர் பெருங்கதையை அடைவது இத்தகைய வழிகாட்டி அட்டையாலேயாம்.

இவ்விதிகளுக்கெல்லாம் அடிப்படையாக அமைந்தவை, 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நெறிகள். நூல்கள் பயன்படுவதற்கே உரியன. படிப்போர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் உண்டு. நூல் ஒவ்வொன்றிற்கும் ஏற்ற படிப்பாளி உண்டு. படிப்போரின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்ப்பொருள். இவையே அந்நெறிகளின் கருத்து. ஓர் அட்டையில் ஆண்டு ஒன்றை எழுத மறந்தாலும், அதனால் வீணாவது படிப்பவரின் காலம் என்பதை அவர் நூலகர்களுக்கு ஓயாது உணர்த்தி வந்தார்.

சட்டமும் கொங்கு நாட்டு அமைச்சரும்

பல்கலைக்கழகத்தில் ஒழுங்கான நூலகம் அமைந்தால் மட்டும் போதுமா? சிற்றூரில் உழுபவரும் நெய்பவரும் நூல் பெற வேண்டாவா? இவ்வெண்ணத்தால் உந்தப்பெற்ற அரங்கநாதனார் 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்குத் துணைநின்றார். 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்கள் ஊர்தோறும் சென்றன. 1930இலேயே அவர் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை வரைந்து அறிஞர் அவையில் வைத்தார். ஆனால் அது உடனே பயன் தரவில்லை. பல ஆண்டுகள் அவர் பொறுத்திருக்க நேர்ந்தது.

1946ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் கல்வியமைச்சராகத் திரு. தி. சு. அவினாசிலிங்கம் பொறுப்பேற்றார். அவர் திருப்பூரிற் பிறந்தவர். 1930இல் கோவையில் இராமகிருட்டிண வித்தியாலயத்தை நிறுவியவர். பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தைத் தோற்றுவித்தவர். அவருடைய முயற்சியால் 1948ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் நிறைவேறிய முதல் நூலகச் சட்டம் அதுவே. சொத்து வரியோடு மக்கள் செலுத்தும் ஒரு சிறு தொகை நூலகங்களுக்கு உரியதாயிற்று. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. 1950இல் கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகமாக உயர்ந்தது. கோவை மாவட்டத்திலும் மைய நூலகமும் கிளை நூலகங்களும் தோன்றின. சீகாழியிற் பிறந்த அறிஞரின் கருத்தும், கொங்கு நாட்டு அமைச்சரின் செயலும் ஒன்றுபட்டமையால், முன்னர்ச் சிலர் மட்டும் நுகர்ந்த செல்வம் பலர்க்கும் உரியதாயிற்று.

பிற்கால வாழ்வு

சென்னையில் இருபதாண்டுகள் உழைத்த பின்னர், அரங்கநாதனார் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களை மீண்டும் வகைப்படுத்தினார். பின்னர்த் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகக் கலை கற்பித்தார். 1957இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது அளித்தது. 1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தோற்றுவித்தார். 1965இல் அவர் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கப்பட்டார். எளிய உணவும் எளிய உடையுமே கொண்டு வாழ்ந்த அவர், தாம் சேர்த்த ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகக் கலைக்குப் பேராசிரியர் பதவி அமைவதற்கு வழங்கினார். அப்பதவிக்குத் தம் மனைவியார் சாரதா அம்மையாரின் பெயரையும் சேர்த்து வழங்குமாறு செய்தார்.

தம் கொள்கையைத் தாமே திருத்திக்கொள்ள அவர் ஒருபோதும் நாணியதில்லை. 1933இல் வெளியான அவருடைய பகுப்பு நூல் 1939, 1950, 1952, 1957, 1960 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்று வெளிவந்தது. ஒரு பதிப்பில் உள்ள எண் மற்றொரு பதிப்பில் மாறியிருக்கும். ஆதலின் எந்தப் பதிப்பு என்று கேளாமல் அந்நூலைக் கையாள இயலாது. பதிப்பைக் குறித்தல் வேண்டும் என்று அவர் விதித்த விதிக்கு அவருடைய நூலே சான்றாயிற்று.

1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அரங்கநாதனார் பெங்களூரில் இயற்கை எய்தினார். இந்நாளில் நூலகங்கள் பலவற்றில் வேறு பகுப்பு முறைகள் வழங்குகின்றன. அட்டைகளின் இடத்தைக் கணிப்பொறி பெற்றுவிட்டது. எனினும் அவர் வற்புறுத்திய உண்மை மாறவில்லை. 1998இல் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கையும், படைப்பு, அதன் சொல்வடிவம், அதன் வெளியீடு, கையில் உள்ள படி என்று நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. உயிரும் உடலும் என்று அரங்கநாதனார் முன்னரே காட்டிய வேறுபாட்டை இது நினைவூட்டுகிறது. அவர் பிறந்த நாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்டு 12ஆம் நாள் நம் நாட்டில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மாணவர்கள் நூல் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, முகப்பை மட்டும் பார்த்து அமையாமல், அதன் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தல் நன்று. எந்த ஆண்டில் வெளிவந்தது, எத்தனையாம் பதிப்பு, பதிப்பித்தவர் யார் என்பவற்றை அறிந்து குறித்துக்கொள்ளுதல் நல்ல பழக்கம். படித்த நூலை எடுத்த இடத்திலேயே வைத்தலும் அப்பழக்கத்தைச் சார்ந்ததே. தமக்குப்பின் அந்நூலைத் தேடி வருகின்ற ஒருவருடைய காலம் வீணாகாமல் காத்தலே, அரங்கநாதனாருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறாகும்.